செருகுநிரல் பின்முனையில் தெரிகிறது, பக்கத்தில் வழு வருகிறது: டைப்போ3 நீட்சியில் பதிவுசெய்வது பற்றி

இரணைமடுக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கமக்காரர் அமைப்புக்காக இணையத்தளங்களை உருவாக்கிப் பராமரிக்கும் டைப்போ3 என்ற மென்பொருளின் 13ஆம் பதிப்பில் ஒரு தளம் அமைத்து வருகிறேன். தளத்துக்கு இடம் தந்தவர் ஜேர்மனியில் வாழும் எங்கள் ஊரவர். அவர் வேலை செய்யும் இடத்தில் இந்த மென்பொருளே பயன்பாட்டில் இருப்பதால் நாங்களும் இதையே எடுத்துக்கொண்டோம். இரணைமடுக் குளத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எந்த வாய்க்காலில் எந்த நாளில் தண்ணீர் விடப்படும் என்ற இரண்டையும் கைபேசியில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அமைப்பினர் கேட்டது. அதற்காக வன்னி_குளம் என்ற பெயரில் ஒரு நீட்சி (மென்பொருளுக்குப் புதிய வசதி சேர்க்கும் நிரல்தொகுதி) எழுதி, நீர்மட்டம், நீர்விநியோகம் என்ற இரண்டு செருகுநிரல்களை (பக்கத்தில் வைக்கக்கூடிய கூறுகளை) அதில் வைத்தேன்.

எக்ஸ்ட்_லோக்கல்கொன்ஃப் கோப்பில் கொன்ஃபிகர்பிளகின் என்ற அழைப்பையும், தரவுப் புலங்களை வரையறுக்கும் டிசிஏ ஓவர்ரைட்ஸ் கோப்புறையில் உள்ள டிடி_கொன்டென்ட் கோப்பில் ரெஜிஸ்டர்பிளகின் என்ற அழைப்பையும் இரண்டு செருகுநிரல்களுக்கும் எழுதியிருக்கிறேன். நீர்விநியோகம் எந்தக் குறையுமின்றி வேலை செய்கிறது. நீர்மட்டமோ, தளத்தைப் பராமரிக்கும் பகுதியான பின்முனையில் தெரிகிறது, அதைத் தெரிவுசெய்து பக்கத்தில் சேமிக்கவும் முடிகிறது, ஆனால் பக்கத்தைத் திறந்தால் அந்த இடத்தில் மட்டும் "ஊப்ஸ், ஒரு வழு ஏற்பட்டது" என்ற வரியும் ஒரு நீண்ட எண்ணும் வருகின்றன. கேஷ் (சேமித்து வைக்கப்பட்ட பக்கப் பிரதிகள்) முழுவதையும் மூன்று தடவை நீக்கிப் பார்த்துவிட்டேன். வேலையைச் செய்யும் நிரலான கொன்ட்ரோலரையும், பக்கத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவையும் வரி வரியாகச் சரிபார்த்தேன். இரண்டு நாட்களாக இதிலேயே நிற்கிறேன். எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

மாங்குளம்சந்தி எழுதியது:

வணக்கம் தம்பி. கொன்ட்ரோலரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் நிரல் அங்கே போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. இரண்டு விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, திரையில் வரும் நீண்ட எண்ணை வார் கோப்புறைக்குள் இருக்கும் லொக் கோப்பில் தேடினால் உண்மையான வழுச்செய்தி அதன் அருகிலேயே இருக்கும். இரண்டாவது, தரவுத்தளத்தில் டிடி_கொன்டென்ட் அட்டவணையைத் திறந்து, இரண்டு செருகுநிரல்களுக்கும் உரிய வரிசைகளில் கூறின் வகையைக் குறிக்கும் சிடைப் என்ற நெடுவரிசையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இரணைமடுக்கரை எழுதியது:

நன்றி அண்ணா. லொக் கோப்பில், டிடி_கொன்டென்ட், லிஸ்ட், 20, வன்னிகுளம்_நீர்மட்டம் என்று புள்ளியிட்டுத் தொடரும் டைப்போஸ்கிரிப்ட் (டைப்போ3 இன் அமைப்பு மொழி) பாதையில் எந்த வரையறையும் கிடைக்கவில்லை என்று இருக்கிறது. அட்டவணையில், வேலை செய்கிற செருகுநிரலின் சிடைப் நெடுவரிசையில் வன்னிகுளம்_நீர்விநியோகம் என்றே இருக்கிறது. வேலை செய்யாததில் சிடைப் என்பது லிஸ்ட் என்றும், அதற்கடுத்த லிஸ்ட்_டைப் நெடுவரிசையில் வன்னிகுளம்_நீர்மட்டம் என்றும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே விதமாகத்தான் எழுதினேன். ஐந்தாவது அளவுருவில் உள்ளடக்கக் கூறு என்ற வகையைக் குறிக்கும் மாறிலியை இரண்டுக்கும் கொடுத்திருக்கிறேன்.

மாங்குளம்சந்தி எழுதியது:

காரணம் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். இதே இடத்தில் பலர் நாட்களைத் தொலைக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செருகுநிரலைப் பதிவுசெய்தல் என்று ஒரு சொல்லால் சொன்னாலும் அங்கே நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள். கொன்ஃபிகர்பிளகின், வாசகர் பார்க்கும் பக்கமான முன்முனைக்கு உரியது. இந்தச் செருகுநிரல் வழியாக எந்தக் கொன்ட்ரோலரின் எந்த அக்சனை (செயலை) இயக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலை அது எழுதி வைப்பதுடன், பக்கம் உருவாகும்போது எந்தப் பாதையில், செருகுநிரலை ஓட்டும் சட்டகமான எக்ஸ்பேஸை அழைக்க வேண்டும் என்ற டைப்போஸ்கிரிப்ட் வரையறையையும் தானே சேர்க்கிறது. பட்டியலில் முதலாவதாக நிற்கும் கொன்ட்ரோலரின் முதலாவது அக்சனே, முகவரியில் வேறொன்றும் கேட்கப்படாதபோது ஓடும். பட்டியலில் இல்லாத அக்சனை யாராவது முகவரியில் எழுதிக் கேட்டால், அந்தச் செருகுநிரலுக்கு அது அனுமதிக்கப்படவில்லை என்று எக்ஸ்பேஸ் மறுத்துவிடும். ரெஜிஸ்டர்பிளகின் பின்முனைக்கு உரியது. தளத்தைப் பராமரிப்பவர் தெரிவுசெய்யும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு மேல் முன்முனையில் எதையும் அது இயக்குவதில்லை. ஆகவே, பின்முனையில் தெரிகிறது என்பதை வைத்துக்கொண்டு, முன்முனையில் பாதை போடப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது.

இந்த இரண்டையும் பிணைத்து வைப்பது ஒரு பெயர் மட்டுமே. நீட்சியின் பெயரில் உள்ள கீழ்க்கோடுகளை நீக்கி, எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தாக்கி, ஒரு கீழ்க்கோடு இட்டு, செருகுநிரலின் பெயரையும் சிறிய எழுத்தாக்கிச் சேர்த்தால் வருவதே அதன் அடையாளம். உங்களுடைய வன்னிகுளம்_நீர்மட்டம் அப்படி வந்ததுதான். தரவுத்தளத்தில் எழுதப்படுவதும், டைப்போஸ்கிரிப்ட் பாதையில் வருவதும், டிஎக்ஸ்_ என்ற முன்னொட்டுடன் முகவரியின் அளவுருக்களில் தோன்றுவதும் இந்த அடையாளமே.

இனி உங்கள் வழுவுக்கு வருகிறேன். செருகுநிரல் உள்ளடக்கக் கூறாக வேண்டுமா, பழைய லிஸ்ட் முறையில் வேண்டுமா என்பதை கொன்ஃபிகர்பிளகின்னில் மட்டுமே சொல்கிறோம். ரெஜிஸ்டர்பிளகின்னில் அதற்கென ஓர் இடம் இல்லை. முதல் அழைப்பு எழுதி வைத்ததைச் செருகுநிரலின் பெயரைக் கொண்டு தேடி எடுத்து, வகையை அது அறிந்துகொள்கிறது. அந்தத் தேடலில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் உட்பட. பெயர் ஒத்துவராவிட்டால் 13ஆம் பதிப்பு வழு எதையும் காட்டி நிறுத்தாமல், பழைய லிஸ்ட் வகை என்று எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அடையாளத்தை உருவாக்கும்போது எல்லாம் சிறிய எழுத்தாகிவிடுவதால், தரவுத்தளத்தில் பார்க்கும்போது பெயர் சரியாகவே இருக்கும். அதனால்தான் கண்ணில் படவில்லை. நீங்கள் ஓரிடத்தில் நீர், மட்டம் என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளையும் பெரிதாக எழுதி, மற்ற இடத்தில் நீர் என்பதன் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லை. சொல்லின் ஒலியைப் படித்துப் பழகிய கண் அந்த இடத்தை எளிதில் கடந்துவிடும் என்பதால், நான் இப்போது பெயரைக் கையால் தட்டெழுதாமல் ஒரு கோப்பிலிருந்து மற்றதற்குப் பிரதிசெய்தே ஒட்டுகிறேன்.

இரணைமடுக்கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. லோக்கல்கொன்ஃப் கோப்பில் இரண்டு பெரிய எழுத்துகள், டிசிஏ கோப்பில் ஒன்று. திருத்திக் கேஷை நீக்கிவிட்டுப் பார்த்தேன், ஏற்கெனவே பக்கத்தில் சேமித்திருந்த கூறு அப்போதும் வழுவையே தந்தது. அதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்த பின்னர் நீர்மட்டம் வந்தது.

இன்னொரு கேள்வி. நேற்று மாலை சோதனைக்காக 31 அடி என்று பதிந்திருந்தேன். இன்று காலை அதை 31 அடி 4 அங்குலம் என்று மாற்றிய பின்னரும் பக்கத்தில் பழைய அளவே நிற்கிறது. கொன்ஃபிகர்பிளகின்னின் நான்காவது அளவுருவில் எல்லா அக்சன்களையும் எழுதிவிட்டால் கேஷ் ஆகாது என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படியே செய்துவிடலாமா?

நெடுங்கேணி எழுதியது:

தம்பி, முதலாவது விடயம் எதிர்பார்த்ததுதான். சேமித்த வரிசையில் லிஸ்ட் என்று எழுதப்பட்டாயிற்று, நிரலைத் திருத்துவதால் தரவுத்தளத்தில் உள்ள வரிசை தானாக மாறாது.

கேஷ் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நான்காவது அளவுரு, மூன்றாவதில் அனுமதித்த அக்சன்களுக்குள் எவற்றைக் கேஷில் வைக்கக் கூடாது என்று சொல்லும் பட்டியல். அதில் எழுதப்பட்ட அக்சன், பக்கத்தின் மற்றைய பகுதிகள் கேஷிலிருந்து வந்தாலும், ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் மீண்டும் ஓடித் தரவுத்தளத்தைக் கேட்கும். பயனர் நிரப்பி அனுப்பும் படிவத்தைப் பெற்றுச் சேமிக்கும் அக்சன், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகக் காட்ட வேண்டியது, தேடல் முடிவு ஆகியவை அங்கே இருந்தே ஆக வேண்டும். நீர்மட்டம் அப்படிப்பட்டதன்று. அது எல்லோருக்கும் ஒன்றே, ஒரு நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் மாறுகிறது. மழைக்காலத்தில் குளம் தன் முழுக் கொள்ளளவான 36 அடியை நெருங்கும்போது, முரசுமோட்டையிலும் பன்னங்கண்டியிலும் கண்டாவளையிலும் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்த இரவை நேரில் கண்டவர்களுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கேஷுக்கு வெளியே வைத்தால், பக்கம் மிகவும் தேவைப்படும் அந்த மணித்தியாலத்திலேயே வழங்கி திணறும். மறுபுறம், கேஷில் வைத்துவிட்டு அதை உரிய நேரத்தில் நீக்காவிட்டால் பக்கம் நேற்றைய அளவைக் காட்டும், அது வழங்கி திணறுவதைவிடவும் கெட்டது. பக்கத்தின் கேஷ் வேறொன்றும் சொல்லாவிட்டால் 24 மணித்தியாலம் நிற்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே காட்டும் அக்சனைக் கேஷிலேயே வையுங்கள். அளவுகளைச் சேமிக்கும் கோப்புறையின் பண்புகளில், பேஜ் டிஎஸ்கொன்ஃபிக் என்ற இடத்தில், டிசிஇமெயின் என்பதன் கீழ் வரும் கிளியர்கேஷ்கொமாண்ட் என்ற அமைப்புக்கு, நீர்மட்டம் காட்டப்படும் பக்கத்தின் எண்ணைக் கொடுங்கள். அந்தக் கோப்புறையில் ஒரு பதிவு சேமிக்கப்பட்ட உடனேயே அந்தப் பக்கத்தின் கேஷ் மட்டும் நீங்கும். இப்போது உங்களுக்குப் பழைய அளவு நின்றதற்குக் காரணம், பதிவு ஒரு கோப்புறையிலும் அதைக் காட்டும் பக்கம் வேறிடத்திலும் இருப்பதே. இரண்டுக்கும் உள்ள தொடர்பை மென்பொருள் தானாக ஊகித்துக்கொள்ளாது.

நாளாந்த அளவுகளுக்குத் தனி விவரப் பக்கம் வைக்கப் போகிறீர்கள் என்றால், இணைப்புகளை வார்ப்புருவில், வார்ப்புரு மொழியான ஃபுளூயிட் தரும் லிங்க் அக்சன் கொண்டே உருவாக்குங்கள். கேஷில் வைக்கப்படும் அக்சனுக்கான முகவரியில் சிஹாஷ் என்ற சரிபார்ப்புக் குறி சேர்ந்து வரும். கையால் எழுதிய முகவரியில் அது இல்லாவிட்டால் பக்கம் கிடைக்கவில்லை என்ற விடையே கிடைக்கும்.

பூநகரி எழுதியது:

இந்த இழையைப் படித்தபோதுதான் என்னுடைய சிக்கலும் இதனோடு தொடர்புடையது என்று தெரிந்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தளத்தை 11ஆம் பதிப்பிலிருந்து 13க்கு ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதலில் அதைச் செய்து கொடுத்த நிறுவனம் ஒரே செருகுநிரலுக்குள் எல்லா அக்சன்களையும் வைத்து, பராமரிப்பவர் ஃபிளெக்ஸ்ஃபோர்மில் (செருகுநிரலின் அமைப்புப் படிவத்தில்) தெரிவுசெய்யும் முறையில் அமைத்திருக்கிறது. இடையில் ஒரு தடவை செருகுநிரலின் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயரில் சேமிக்கப்பட்ட 40க்கு மேற்பட்ட கூறுகள் எந்தப் பாதையும் இல்லாமல் அப்படியே கிடக்கின்றன. சங்கத்தினர் அந்தப் பக்கங்கள் ஏன் வெறுமையாகின என்று தெரியாமலேயே வருடக்கணக்காக இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கையால் நீக்கித் திரும்பவும் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

மாங்குளம்சந்தி எழுதியது:

இருக்கிறது. அதற்கு முன், பெயர் மாற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிரல் எழுதுபவருக்குச் செருகுநிரலின் பெயர் ஒரு சொல்லாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் அதைப் பக்கத்தில் வைத்துச் சேமித்த கணத்திலிருந்து அது தரவுத்தளத்தில் எழுதப்பட்ட வாக்காகிவிடுகிறது. பெயரை மாற்றுகிறவர் பழைய வரிசைகளையும் புதிய பெயருக்கு மாற்றும் நிரலைக் கூடவே தர வேண்டும். அதைத் தராமல் போனது அந்தச் சங்கத்துக்குச் செய்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஃபிளெக்ஸ்ஃபோர்மில் அக்சனைத் தெரிவுசெய்யும் அந்த முறை 10ஆம் பதிப்பிலேயே கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டு, 12ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பட்டியலுக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று, படிவத்துக்கு ஒன்று என ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனிச் செருகுநிரல் எழுதுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொன்றினதும் அனுமதிப் பட்டியல் சிறியதாக இருக்கும், கேஷுக்கு வெளியே வைக்க வேண்டியது எது என்பதும் தெளிவாகத் தெரியும். எழுதும்போதே உள்ளடக்கக் கூறாகப் பதிவுசெய்யுங்கள். லிஸ்ட் முறை 13.4இல் கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டு, 14இல் நீக்கப்பட்டுவிட்டதால், இப்போது பழைய முறையில் எழுதினால் அடுத்த ஏற்றத்தில் இதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டி வரும்.

பழைய வரிசைகளுக்கு, 13.4இல் இருந்து வரும் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டைப்டுசிடைப்அப்டேட் என்ற வகுப்பை நீட்டித்து ஒரு சிறிய வகுப்பு எழுதுங்கள். எந்தப் பழைய லிஸ்ட்_டைப் எந்தப் புதிய சிடைப் ஆக வேண்டும் என்ற பொருத்தப் பட்டியலை அதில் கொடுத்துவிட்டால், மேம்படுத்தல் வழிகாட்டியில் ஓர் உருப்படியாக அது தோன்றும். ஓட்டியதும் வரிசைகள் மாறிவிடும். கைவிடப்பட்ட அந்தப் பழைய பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், வெறுமையான அந்தப் பக்கங்களும் திரும்பி வரும். ஒரே அடையாளத்துக்குள் ஃபிளெக்ஸ்ஃபோர்ம் மூலம் வெவ்வேறு அக்சன்கள் தெரிவுசெய்யப்பட்டிருக்கும் இடங்களில் மட்டும் இந்த வகுப்பு போதாது. அங்கே பிஐ_ஃபிளெக்ஸ்ஃபோர்ம் நெடுவரிசையின் உள்ளே பார்த்துப் பிரிக்கும் நிரலை நீங்களே எழுத வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்பும் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

11இல் இருந்து வருவதால் இன்னும் இரண்டு விடயங்கள். ஒவ்வொரு அக்சனும் விடைப்பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது 12இல் கட்டாயமாகிவிட்டது, எதையும் திருப்பாத பழைய அக்சன்கள் நின்றுவிடும். அனுமதிப் பட்டியலில் கொன்ட்ரோலரின் பெயரைச் சுருக்கமாக எழுதியிருந்தால் முழு வகுப்புப் பெயராக மாற்றுங்கள், நீட்சியின் பெயருக்கு முன் ஆக்கியோர் பெயர் ஒட்டியிருந்தால் நீக்கிவிடுங்கள். இந்த இரண்டு மாற்றங்களும் 10ஆம் பதிப்போடு வந்தவை, ஆனாலும் பழைய எடுத்துக்காட்டுகள் இணையத்தில் இன்னும் நிறையவே இருக்கின்றன.

நெடுங்கேணி எழுதியது:

பூநகரிக்கு ஒரு சேர்க்கை. லிஸ்ட் வகையிலிருந்து உள்ளடக்கக் கூறுக்கு மாறும்போது, பதிவுகள் இருக்கும் கோப்புறையைத் தெரிவுசெய்யும் புலமும் ஃபிளெக்ஸ்ஃபோர்ம் புலமும் படிவத்தில் காணாமல் போகும். புதிய வகைக்குத் தலைப்பு போன்ற அடிப்படைப் புலங்கள் மட்டுமே தொடக்கத்தில் கிடைக்கின்றன. ரெஜிஸ்டர்பிளகின் திருப்பித் தரும் அடையாளத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதே டிசிஏ கோப்பில் ஆட்டுஆல்டிசிஏடைப்ஸ் என்ற அழைப்பால் அந்த வகைக்கு இரண்டு புலங்களையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் வழு எதுவும் வராது. பட்டியல் வெறுமையாக வரும், ஏனெனில் எந்தக் கோப்புறையில் தேடுவது என்று சொல்லப்படாத எக்ஸ்பேஸ் எண் 0 உடைய வேர்ப்பக்கத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும். நான் இதை வினவல் வழு என்று நினைத்து ஒரு முழுப் பிற்பகலைச் செலவிட்டிருக்கிறேன்.

இரணைமடுக்கரை எழுதியது:

அக்கா சொன்னபடி கிளியர்கேஷ்கொமாண்ட் அமைப்பைக் கொடுத்தேன், பதிவைச் சேமித்ததும் பக்கம் புதிய அளவைக் காட்டுகிறது. நான்காவது அளவுருவில் இப்போது ஒரே ஒரு அக்சன்தான் இருக்கிறது. வாய்க்கால் உடைப்பை அறிவிக்கும் படிவத்தைச் சேமிப்பது அது.

இதற்குள் இன்னொரு தடை வந்தது. நிர்வாகியாக நான் உள்நுழைந்தால் நீர்மட்டம் தெரிவுப் பட்டியலில் இருக்கிறது. அமைப்பின் செயலாளருக்காக உருவாக்கிய கணக்கில் உள்நுழைந்தால் நீர்விநியோகம் மட்டும் இருக்கிறது, நீர்மட்டம் இல்லை. பெயரில் மீண்டும் பிழை விட்டேனோ என்று இரண்டு கோப்புகளையும் திரும்பவும் ஒப்பிட்டேன். பெயர் சரியாகவே இருக்கிறது.

மாங்குளம்சந்தி எழுதியது:

அது பதிவுசெய்ததில் உள்ள பிழையன்று. நிர்வாகி அல்லாதவருக்கு, அவருடைய பயனர் குழுவில் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட உள்ளடக்க வகைகள் மட்டுமே தெரியும். நீங்கள் குழுவை அமைத்த நாளில் நீர்மட்டம் லிஸ்ட் வகையாக நின்றது, அதற்குக் கொடுத்த அனுமதி பழைய வகைக்கே எழுதப்பட்டிருக்கும். பின்முனைப் பயனர் குழுவைத் திறந்து, வெளிப்படையாக அனுமதிக்கும் புலங்களின் பட்டியலில் நீர்மட்டத்தைச் சிடைப்பின் கீழ் தெரிவுசெய்து சேமியுங்கள். பூநகரி ஓட்டப் போகும் அந்த மேம்படுத்தல் வகுப்பு குழுக்களின் அனுமதியையும் சேர்த்தே மாற்றித் தரும். நீங்கள் கையால் திருத்தியதால் அந்தப் பகுதி விடுபட்டுவிட்டது.

இரணைமடுக்கரை எழுதியது:

தெரிவுசெய்து சேமித்தேன், செயலாளரின் கணக்கிலும் தெரிகிறது. இன்று காலை அவர் குளக்கட்டில் அளவுகோலைப் பார்த்துவிட்டு அங்கிருந்தபடியே கைபேசியில் உள்நுழைந்து 31 அடி 6 அங்குலம் என்று பதிந்தார். நான் பரந்தனில் பேருந்துக்காக நின்றுகொண்டு பக்கத்தைத் திறந்தபோது அதே அளவு இருந்தது. பதிவுக் கோப்புறைப் புலத்தையும் இன்றிரவு சேர்த்துவிடுகிறேன். பூநகரி, உங்களுடைய மேம்படுத்தல் வகுப்பு ஓடியதும் அதன் விவரத்தையும் இந்த இழையிலேயே எழுதுங்கள், எங்கள் அமைப்பின் பழைய தளத்திலும் லிஸ்ட் வகைக் கூறுகள் சில இருக்கின்றன.